எம்.டி., எம்.எஸ். சேர இருப்பவர்களுக்கு: சேர்க்கை விதிகளும் மூன்றாண்டுப் பாடத்திட்டமும்

எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஆண்டில்தான் பெரும்பாலானோர் முதுநிலைப் படிப்பைப் பற்றிக் கவலையோடு பேசத் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சு மதிப்பெண், ரேங்க், எந்த ரேங்குக்கு எந்தப் பிரிவு கிடைக்கும் என்பவற்றைச் சுற்றியே நடக்கிறது. சேர்ந்த பிறகு மூன்றாண்டுகளில் என்ன கற்பிக்கப்பட வேண்டும், எதையெல்லாம் தானே செய்யத் தெரிந்தால் ஒருவரை அந்தத் துறையின் மருத்துவராக ஏற்கலாம், அதற்காகக் கல்லூரி மாணவருக்கு எவற்றைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்பவையெல்லாம் எழுத்தில் உள்ளன. இருந்தும் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்காமல்தான் விருப்பப் பட்டியல் நிரப்பப்படுகிறது. குடும்பத்தில் மருத்துவர் இருக்கும் பிள்ளைகளுக்கு இவை பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். தங்கள் தெருவிலேயே முதல் மருத்துவராக வந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சேர்க்கை விதிகளையும் பாடத்திட்டத்தையும் ஒரே நேரத்தில், தேர்வுக்கு முன்பே, சேர்த்துப் படியுங்கள்.

படிக்க வேண்டிய ஆவணங்கள் மூன்று. முதலாவது, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள். 2019-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2020 செப்டம்பரில் பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த அமைப்பு இந்த ஆணையம். இரண்டாவது, நீங்கள் விரும்பும் துறைக்கென்று ஆணையம் தனியாக வெளியிட்டிருக்கும் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம். மூன்றாவது, அந்தந்த ஆண்டின் கலந்தாய்வுக் கையேடு. இது மத்தியக் குழுவுக்கு ஒன்று, மாநிலத் தேர்வுக் குழுவுக்கு ஒன்று என இரண்டாக வரும். முதல் இரண்டும் ஆண்டுதோறும் மாறுபவை அல்ல. மூன்றாவது ஒவ்வோர் ஆண்டும் மாறும். ஆகவே சீனியர் கொடுத்த பழைய கையேட்டை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எந்த வாசல் வழியாக

மருத்துவ முதுநிலைக்கு இந்தியாவில் இப்போது முதன்மையாக இரண்டு நுழைவுத் தேர்வுகள் உள்ளன. ஒன்று நீட் பி.ஜி.; இதை நடத்துவது தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம். மற்றொன்று ஐ.என்.ஐ.-செட்; அது எய்ம்ஸ் நிறுவனங்கள், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனங்களுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்துவது. இது ஜனவரி சேர்க்கைக்கு ஒரு முறை, ஜூலை சேர்க்கைக்கு ஒரு முறை என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. புதுச்சேரி நமக்கு அருகில்தானே என்று நினைத்துக்கொண்டு, ஜிப்மரின் எம்.டி. இடங்களை நீட் கலந்தாய்வில் தேடிக் காணாமல் திகைப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

நீட் பி.ஜி. முதன்முதலில் 2013 சேர்க்கைக்கு நடத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016-இல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, சட்டத் திருத்தத்தின் மூலம் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் தமிழ்நாடு முதுநிலைக்குத் தனியாக நுழைவுத் தேர்வு நடத்திவந்தது; தனியார் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தமக்கென ஒன்று வைத்திருந்தன. இப்போதைய கொள்கைப்படி சேர்க்கை அந்த ஒரு தேர்வின் தரவரிசையில் மட்டுமே அமையும். எம்.பி.பி.எஸ். மதிப்பெண்ணுக்கோ நேர்காணலுக்கோ இடமில்லை; கலந்தாய்வின் எல்லாச் சுற்றுகளும் இணையவழியில்தான் நடக்க வேண்டும்; எந்தக் கல்லூரியும் தானாக ஒருவரையும் சேர்த்துக்கொள்ள முடியாது. ‘மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்டு எவரேனும் வீடு தேடி வந்தால், இந்த ஒரு வரியை நினைவில் வைத்து அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

தேர்வுக்கு விண்ணப்பிக்க எம்.பி.பி.எஸ். தேர்ச்சியும், அறிவிப்பில் கொடுக்கப்படும் தேதிக்குள் முடிந்துவிடும் ஓராண்டுப் பயிற்சியும், மருத்துவக் கவுன்சில் பதிவும் வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள் அவர்களுக்கான தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ.யில் தேறியிருக்க வேண்டும். பயிற்சி முடியும் தேதி ஒரு நாள் பிந்தினாலும் ஓர் ஆண்டு போய்விடும் என்பதால், பயிற்சிக் காலத்தில் எடுக்கும் நீண்ட விடுப்பைக் கணக்குப் பார்த்து எடுங்கள்.

தேர்வின் கணக்கு

நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறான விடைக்கு 1 கழியும். எம்.பி.பி.எஸ்.ஸின் 19 பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். 2024 முதல் தாள் 40 கேள்விகள் கொண்ட ஐந்து பிரிவுகளாக, பிரிவுக்கு 42 நிமிடம் என வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரிவின் நேரம் முடிந்தால் அது மூடிக்கொள்ளும். பிறகு அங்கே திரும்பிப் போக முடியாது. கேள்விக்குச் சராசரியாக 63 விநாடிதான் என்பதையும், கடினமான கேள்விகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய உத்தி ஒரு பிரிவுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் மனத்தில் வைத்துப் பயிற்சி செய்யுங்கள். மூன்றரை மணி நேர மாதிரித் தேர்வை ஒரே ஓட்டமாக எழுதிப் பழகியவர்கள் தேர்வறையில் இரண்டாவது பிரிவிலேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, ஊகித்துக் குறிப்பதா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு விடைகளில் எதுவுமே புரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு முறைக்கு ஒருமுறை 4 கிடைக்கும், மூன்று முறை 1 கழியும். ஆக, சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் வரவு. ஒரு விடையைத் தவறு என்று ஒதுக்க முடிந்தால் வரவு மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண்ணாகிறது. இரண்டை ஒதுக்க முடிந்தால் ஒன்றரை. ஐ.என்.ஐ.-செட்டில் சரியான விடைக்கு 1, தவறுக்கு மூன்றிலொரு பங்கு கழிவு என்பதால் கண்ணை மூடிய ஊகத்தின் சராசரி அங்கே பூஜ்யம். இரண்டு தேர்வுகளையும் ஒரே மனநிலையில் எழுதக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

அடுத்து பெர்சன்டைல். இதைச் சதவீதத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பொதுப் பிரிவினர் 50-ஆவது பெர்சன்டைல் பெற வேண்டும் என்றால், 800-க்கு 400 வாங்க வேண்டும் என்று பொருளில்லை. தேர்வெழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேலாக நிற்க வேண்டும் என்று பொருள். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு இது 40. பொதுப் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு 45. இந்த வரம்பைத் தாண்டுவது கலந்தாய்வில் கலந்துகொள்ளும் தகுதியை மட்டுமே தரும். இடங்கள் நிரம்பாததால் 2023-இல் மூன்றாவது சுற்றுக்கு முன் இந்த வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யமாகவே குறைத்தார்கள். தகுதி பெற்றுவிட்டோம் என்று வீட்டில் இனிப்பு வழங்குவதற்கு முன் ரேங்கைப் பாருங்கள்.

இடங்கள் எப்படிப் பிரிகின்றன

அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. இதற்கான கலந்தாய்வை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நடத்துகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடங்கள் முழுவதும், தேர்வு வாரியமே வழங்கும் முதுநிலைத் தகுதியான டி.என்.பி.யின் இடங்களும் அதன் வழியாகவே நிரப்பப்படுகின்றன. மீதிப் பாதியான மாநில ஒதுக்கீட்டையும், தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு ஆகியவற்றையும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்; ஒன்றில் பதிந்தால் மற்றொன்றிலும் பதிந்ததாகாது.

இடஒதுக்கீட்டின் அளவும் இரண்டிலும் வேறு. அகில இந்திய ஒதுக்கீட்டில் எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10 சதவீதம். இதில் ஓ.பி.சி. ஒதுக்கீடு 2021-இல்தான் வந்தது. அதற்காகத் தமிழ்நாடு நீதிமன்றங்களில் நெடுங்காலம் போராடியது. மாநில ஒதுக்கீட்டில் நம் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18 (இதனுள் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1. மாநில ஒதுக்கீட்டில் பொருளாதார நலிவுப் பிரிவு கிடையாது.

இங்கேதான் சான்றிதழ் பிழை நேர்கிறது; சற்று விரிவாகவே சொல்கிறேன். மாநிலத்தில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும் ஒருவர் அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. ஆகத் தகுதி பெற வேண்டுமானால், பள்ளியில் வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் போதாது. அவருடைய சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சேர்ந்தவர் அல்லர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அது கையேடு கேட்கும் காலத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர்ந்து முடியச் சில வாரங்கள் ஆகலாம். எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் நல்ல ரேங்க் இருந்தும் பழைய சான்றிதழோடு கல்லூரிக்குச் சேரப் போனார். சரிபார்க்கும் இடத்தில் அதை ஏற்கவில்லை. அந்தச் சுற்று அவர் கையை விட்டுப் போனது. தேர்வு எழுதிய மறுவாரமே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டில் தனிப் பங்கு உண்டு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்று, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுப் பிறகு முதுநிலை படிப்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பலர் நடந்த பாதை. அரசு மருத்துவமனைகளுக்குச் சிறப்பு மருத்துவர்கள் கிடைத்ததில் இந்தப் பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. நேரடியாக முதுநிலை கிடைக்காதவர்கள் இதை இரண்டாம்தர வழியாக நினைக்க வேண்டாம்; கிராமத்து ஓ.பி.யில் ஈராண்டு உட்கார்ந்தவர் வார்டுக்குள் வரும்போது அவர் நோயாளியிடம் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

இன்னொரு தீர்ப்பும் தெரிந்திருக்க வேண்டும். முதுநிலை மருத்துவத்தில் வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது. அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு நியாயமான அளவில் முன்னுரிமை தரலாம் என்று 2025 ஜனவரி 29 அன்று சண்டிகர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. பிற மாநிலங்களில் படித்துவிட்டு இங்கே சேர விரும்புபவர்களும், இங்கே படித்துவிட்டு வெளியே போக விரும்புபவர்களும், அந்தந்த மாநிலத்தின் அவ்வாண்டுக் கையேட்டில் தகுதிப் பகுதியை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

விருப்பப் பட்டியல்

எம்.சி.சி. கலந்தாய்வு முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, எஞ்சிய இடங்களுக்கான ஸ்ட்ரே சுற்று என்று நடக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப் பிரிவினர் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாயும் வைப்புத் தொகை 25,000 ரூபாயும் கட்டிவந்திருக்கிறார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இவை 500, 10,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லாருக்கும் பதிவு 5,000, வைப்பு 2 லட்சம். முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து வைப்புத் தொகை போகும். ஸ்ட்ரே சுற்றில் கிடைத்தும் சேராவிட்டால் அடுத்த தேர்வு எழுதவே தடை வரும். ஆகவே பின் சுற்றுகளில், கிடைத்தால் நிச்சயம் சேர்வேன் என்று சொல்ல முடிகிற இடங்களை மட்டுமே பட்டியலில் வையுங்கள்.

முதல் சுற்றில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. கிடைக்காது என்று நினைக்கும் இடத்தையும் மேலே எழுதுங்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் ரேங்குக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தரும். எட்டாத இடத்தை மேலே வைப்பதால் கீழே உள்ளவை நழுவிப் போவதில்லை. சென்ற ஆண்டு கடைசி ரேங்கை மட்டும் பார்த்து மேலே உள்ளவற்றை வெட்டிவிடுவதுதான் நான் கண்ட தவறுகளில் மிகவும் வருந்தத்தக்கது.

பட்டியலின் வரிசையை எதை வைத்து முடிவு செய்வது? கதிரியக்கவியல், பொது மருத்துவம், தோல் நோய் ஆகியவை முன்னால் முடிகின்றன. உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்றவற்றில் இடங்கள் மிஞ்சுகின்றன. இது சந்தை நிலவரம். உங்களுக்கு வேண்டியது வேறொரு தகவல்: அந்தத் துறையில், அந்தக் கல்லூரியில் மூன்றாண்டு இருந்தால் கையில் என்ன வேலை படியும்? அதைக் கண்டறிய நீங்கள் விரும்பும் துறையின் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கிக்கொண்டு, கல்லூரியின் மூன்றாம் ஆண்டு பி.ஜி. ஒருவரைச் சந்தியுங்கள். இறுதி ஆண்டில் உங்களைத் தனியாக எந்த அறுவைச் சிகிச்சை செய்ய விடுகிறார்கள்? நோயாளி ஒருவரை முன்வைத்து நடத்தும் கேஸ் விவாதம் வாரத்துக்கு எத்தனை உண்மையாக நடக்கிறது? செய்த வேலைகளை எழுதிவைக்கும் லாக் புக்கில் யார், எப்போது கையெழுத்துப் போடுகிறார்கள்? தீசிஸுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, வழிகாட்டும் கைடு உட்கார்ந்து பார்க்கிறாரா? வார ஓய்வு கிடைக்கிறதா? நான்கைந்து பேரிடம் தனித்தனியே கேட்டால் உண்மை நிலை தெளிவாகிவிடும். நகரின் பெயர் பெற்ற கல்லூரியில் பேராசிரியருக்குப் பின்னால் கூட்டமாக நிற்பதைவிட, நோயாளிகள் நிறைந்த ஒரு மாவட்டத் தலைநகரக் கல்லூரியில் தானே செய்து கற்பது, முக்கியமாக அறுவைத் துறைகளில், மேலானது என்பது என் கருத்து.

பணத்தையும் முன்கூட்டியே பாருங்கள். 2023 விதிமுறைகளின்படி கல்லூரிகள் இடங்களைப் பட்டியலில் ஏற்றும்போதே கட்டணத்தையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத இடம் கணக்கில் வராது. முதுநிலை மாணவருக்குத் தர வேண்டிய உதவித்தொகையும் விதியில் உண்டு. அரசு இடங்களில் சேர்ந்தால் படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் பணியாற்ற ஒப்பந்தப் பத்திரம் (பாண்டு) எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பத்திரத்தின் காலமும் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநிலக் கல்லூரியை எழுதும் முன், அம்மாநில பாண்டு நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பாடத்திட்டத்தின் அடிப்படை

எம்.டி., எம்.எஸ். மூன்றாண்டுப் படிப்புகள். அதே துறையில் முதுநிலை டிப்ளமோ வைத்திருப்பவர்களுக்கு இரண்டாண்டு. பழைய முறையில் இத்தனை ஆண்டு துறையில் இருந்தார், தேர்வில் தேறினார் என்பது போதுமானதாக இருந்தது. இப்போதைய பாடத்திட்டம் திறனை அடிப்படையாகக் கொண்டது: அறிவு, செய்கைத் திறன், நோயாளியிடமும் சக பணியாளரிடமும் நடந்துகொள்ளும் பண்பு என்ற மூன்றிலும் என்னென்ன எட்ட வேண்டும் என்று துறைவாரியாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு செயல்முறைக்கும் நான்கு படிகள் உண்டு: உடன் நின்று பார்த்தல், உதவி செய்தல், மேற்பார்வையில் தானே செய்தல், தனித்துச் செய்தல். உங்கள் லாக் புக்கில் மூன்றாம் ஆண்டிலும் முதலிரண்டு படிகளே நிரம்பியிருந்தால், பயிற்சியில் குறை இருக்கிறது என்பதற்கு அதுவே எழுத்துச் சான்று. அதைக் காட்டித் துறைத்தலைவரிடம் மரியாதையாகக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. லாக் புக்கை மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பாமல் அன்றன்றைக்கு எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சேர்ந்தவுடன் முடிக்க வேண்டியவை சில உள்ளன. உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிகளான பி.எல்.எஸ்., ஏ.எல்.எஸ். முதல் ஆண்டிலேயே வேண்டும். ஆய்வு முறையியல் பற்றிய இணையவழிப் பாடத்தையும் முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும்; நாடு முழுவதற்குமான இந்தப் பாடத்தை வழங்குவது சென்னையில் இருக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். பலரும் இதைச் சான்றிதழுக்காக ஓடவிட்டுவிட்டுத் தேர்வை மட்டும் எழுதுகிறார்கள். ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, மாதிரி அளவை எப்படிக் கணக்கிடுவது என்ற பகுதிகளை மட்டுமாவது உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தீசிஸில் பாதி வேதனை குறையும்.

தீசிஸ் முழுவதும் நேரத்தின் விளையாட்டு. முதல் ஆறு மாதத்துக்குள் தலைப்பும் ஆய்வுத் திட்டமும் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்குப் போய்விட வேண்டும். குழுவின் ஒப்புதல் வருவதற்கு முன் ஒரு நோயாளியைக்கூட ஆய்வில் சேர்க்கக் கூடாது. சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வாக இருந்தால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் வரும் ஆய்வுகளை மட்டுமே அந்தப் பதிவேடு ஏற்கிறது. பிறகு போய்ப் பதிய முடியாது. உங்கள் வார்டில் ஓராண்டில் எத்தனை பேர் அந்த நோயோடு வருகிறார்கள் என்று வார்டுப் பதிவேட்டை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள். அரிய நோய் ஒன்றை ஆசைப்பட்டு எடுத்து, இரண்டாம் ஆண்டின் இறுதியில் பன்னிரண்டு நோயாளிகளோடு நிற்பவருக்கு எந்தக் கைடாலும் உதவ முடியாது. ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்த ஒப்புதல் படிவத்தில் ஒருவர் கைநாட்டு வைப்பதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாவட்டத்தில் மூன்று மாதம்

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது அரையாண்டுகளில் ஏதேனும் ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிவது, 2021-இல் சேர்ந்தவர்கள் முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இதைத் தண்டனைக் காலம் போலவும், தீசிஸ் எழுதக் கிடைத்த விடுமுறை போலவும் பார்ப்பவர்கள் உண்டு. இரண்டுமே நட்டம். மருத்துவக் கல்லூரியில் நீங்கள் காணும் நோயாளி பல கைகள் மாறி வந்தவர். அவர் முதலில் எங்கே போனார், எங்கே தாமதமானார், எந்த மாத்திரை பாதியில் நின்றது என்பதெல்லாம் மாவட்டத்தில்தான் தெரியும். பொது மருத்துவம் படிப்பவர், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப் பணியாளரோடு ஒரு நாள் நடந்து போய், இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வந்தும் ஏன் சிலர் விழுங்குவதில்லை என்று கேட்டுப் பார்க்கட்டும். தோல் நோய் படிப்பவர் தொழுநோய்க் கண்டறியும் பணியாளரோடு போகட்டும். நுண்ணுயிரியல் படிப்பவர் மாவட்ட ஆய்வகத்துக்குச் சளி மாதிரி எத்தனை மணி நேரம் கழித்து வந்து சேர்கிறது என்று குறித்து வைக்கட்டும். இந்த மூன்று மாதத்திலும் உங்கள் கல்லூரி உதவித்தொகை தொடர வேண்டும்; தங்கும் வசதி பற்றி மாவட்ட ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், பெண் மருத்துவர்கள் கட்டாயம் பேச வேண்டும்.

உங்களுக்கு உரியவை

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, பணித் தேவைக்கு உட்பட்டு. ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்தோடு கூடிய விடுப்பு. மாநாடு போன்றவற்றுக்கு 5 நாள் கல்வி விடுப்பு. நியாயமான பணி நேரம், ஒரு நாளில் நியாயமான ஓய்வு நேரம். இவை 2023 விதிமுறைகளில் உள்ள சொற்கள்; யாருடைய தயவும் அல்ல. மறுபக்கம், 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது என்பதும் அதே விதிமுறைகளில் உள்ளது. முதுநிலையில் ராகிங் பெரும்பாலும் அந்தப் பெயரில் வருவதில்லை. ஓய்வில்லாத தொடர் டியூட்டி, வார்டு நடுவே அவமதிப்பு, சாப்பிட விடாமை என்று வரும். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. 2021-இல் ஆணையம் மருத்துவக் கல்லூரிகளுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது. தூக்கமில்லாத ஒருவர் போடும் மருந்தளவு தவறினால் பாதிக்கப்படுபவர் நோயாளி. ஆகவே சோர்வைப் பற்றி யூனிட்டில் பேசுவதைக் கூச்சத்துக்குரிய விஷயமாக எண்ணாதீர்கள். மனம் தாங்காத நிலை வந்தால் உங்கள் கல்லூரியிலேயே மனநல மருத்துவத் துறை இருக்கிறது. வேறு யூனிட் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போங்கள்.

இறுதித் தேர்வும் அதன் பின்னும்

தீசிஸை வழக்கமாகத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே சமர்ப்பிக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால்தான் தேர்வில் உட்கார முடியும். எழுத்துத் தேர்வு நான்கு தாள். பெரும்பாலான துறைகளில் முதல் தாள் அடிப்படை அறிவியலும் நான்காம் தாள் அண்மைக்கால முன்னேற்றங்களும். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 சதவீதம், நான்கும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். செய்முறை மற்றும் வாய்மொழித் தேர்வில் தனியாக 50 சதவீதம். செய்முறையில் தேர்வாளர்களில் பாதிப்பேர் வெளியிலிருந்து வருவார்கள். அவர்கள் முன் ஒரு நோயாளியின் விவரத்தை முழுமையாக (லாங் கேஸ்) எடுத்துச் சொல்வது ஒரு வாரத்தில் பழகும் திறன் இல்லை. முதல் ஆண்டிலிருந்தே காலை ரவுண்ட்ஸில் தாளைப் பார்க்காமல் ஒரு நோயாளியை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பழகியவருக்கு அது இயல்பாக வரும். இளநிலை மாணவர்களுக்குப் படுக்கையருகே கற்பிப்பதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதிதான். அதைத் தட்டிக் கழிக்காதவர்களே வாய்மொழித் தேர்வில் தடுமாறாமல் பேசுவதைக் கண்டிருக்கிறேன்.

தேறிய பிறகு, தமிழ்நாட்டில் பணியாற்றுபவர்கள் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் முதுநிலைப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன், பாண்டு பணிக்குக் கிளம்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பெயர்ப் பலகையிலும் மருந்துச் சீட்டிலும் எம்.டி., எம்.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்ப்பது அந்தப் பதிவுக்குப் பிறகுதான்.